புவி சூடானதற்கு எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளத்தில் வீடு போனால் யாரோ ஒருவர் செலவு செய்துதான் அதைத் திரும்பக் கட்டுகிறார். கடல் உள்ளே ஏறி வந்தால் யாரோ ஒருவர் காசு போட்டுத்தான் தடுப்புச் சுவர் எழுப்புகிறார். இன்றைக்கு அந்த யாரோ ஒருவர் வீட்டுக்காரர்; இல்லையென்றால் உள்ளூர் நிர்வாகம்; கடைசியில் வரி கட்டும் மக்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைத் தோண்டி விற்று லாபம் பார்த்த நிறுவனங்களும் அந்தச் செலவில் பங்கு தர வேண்டுமா? உலகம் முழுக்க நடக்கும் இந்த வழக்குகளின் சாரம் இதுதான். தர வேண்டும் என்பது என் கருத்து, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்பதில் என் விருப்பத்தைக் கலக்காமல் எழுதியிருக்கிறேன். தோற்றுப்போன வழக்குகளும் இதில் உண்டு.

சட்டப்படி அந்த நிறுவனங்கள் மீது என்ன புகார்?

பெரும்பாலானவை உரிமையியல் வழக்குகள். யாரையும் சிறையில் போடச் சொல்லவில்லை. இழப்பீடு கேட்கிறார்கள், அல்லது இனிமேலாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

வாதங்கள் நாட்டுக்கு நாடு மாறும். மிகப் பழையது பக்கத்து வீட்டுச் சண்டையிலிருந்து வந்த வாதம். ஒருவர் தன் நிலத்தில் செய்யும் வேலையால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அதையே புவி அளவுக்கு விரித்துக் கேட்கிறார்கள். இன்னொன்று, ஆபத்து தெரிந்தும் வாங்குகிறவரை எச்சரிக்கவில்லை என்பது. அடுத்தது, விளம்பரத்தில் பொய் சொன்னார்கள் என்ற நுகர்வோர் சட்டப் புகார். அப்புறம், மனித உரிமைகளை மதிக்கும் கடமை நிறுவனங்களுக்கும் உண்டு என்ற வாதம். ஐரோப்பாவில் இதற்கு மதிப்பு கூடிவருகிறது.

எரிபொருளை எரிப்பது நாம்தானே? கம்பெனியை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நிறுவனங்களின் வக்கீல்களும் நீதிமன்றத்தில் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். வண்டி ஓட்டுகிறோம், மின்சாரம் பயன்படுத்துகிறோம், அது உண்மை.

ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் இன்னொருவரிடம் இருக்கவே கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பொறுப்பைப் பங்கு போடலாம். எவ்வளவு பங்கு என்று பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் முக்கியமாகின்றன: யாருக்கு என்ன தெரியும், யாரால் எதை மாற்ற முடியும். ஒரு பேருந்துப் பயணிக்கு 1980-களில் கரியமில வாயுவைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு அப்போதே நிறையத் தெரியும். பயணியால் அன்றைக்கு வேறு வகைப் பேருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கவும் முடியாது.

எண்ணிக்கையும் முக்கியம். ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளர் பழைய உற்பத்திக் கணக்குகளைத் தோண்டியெடுத்துக் கூட்டிப் பார்த்தார். 1751 முதல் 2010 வரை தொழில்துறை வெளியிட்ட கரியமில வாயுவிலும் மீத்தேனிலும் 63 சதவீதம், வெறும் 90 நிறுவனங்களின் பொருட்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்ததாக அவர் கணக்கு காட்டியது. அந்தப் பட்டியலில் தனியார் கம்பெனிகள் உண்டு, அரசு நிறுவனங்களும் உண்டு. எல்லோரும் காரணம், அதனால் யாரும் காரணமில்லை என்ற பேச்சை இந்த ஆய்வு உடைத்துவிட்டது. பின்னால் வந்த வழக்குகள் பலவற்றுக்கு இதுதான் அடித்தளம்.

அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?

அவர்களுடைய காகிதங்களே ஆதாரம். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1959-இல் அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் நூற்றாண்டு விழா நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே பேச வந்த இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர், கரியமில வாயு சேர்ந்துகொண்டே போனால் பனிப்படலங்கள் உருகிக் கடலோர நகரங்கள் மூழ்கும் என்று அந்தத் தொழிலின் பெரியவர்கள் முன்னிலையிலேயே எச்சரித்தார். 1968-இல் எண்ணெய்த் தொழிலின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்துக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் தயாரித்த அறிக்கையும் இதே ஆபத்தைச் சொன்னது. 1977-இல் எக்ஸான் நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், நிர்வாகிகளைக் கூட்டி வைத்து விளக்கினார். ஷெல் நிறுவனம் 1988-இல் பசுமைக்குடில் விளைவு பற்றியே உள் அறிக்கை ஒன்று தயாரித்தது.

எக்ஸான் விஞ்ஞானிகள் அன்று போட்ட கணிப்புகளைப் பின்னாளில் நடந்த வெப்ப உயர்வோடு ஒப்பிட்டு 2023-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் கூடும் என்று அவர்கள் கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்புகளில் 63 முதல் 83 சதவீதம் சரியாகவே இருந்தன.

இந்த அளவு துல்லியமாகத் தெரிந்திருந்த அதே காலத்தில் வெளியே என்ன சொன்னார்கள்? விஞ்ஞானம் இன்னும் உறுதியாகவில்லை என்றார்கள். 1989-இல் தொடங்கிய உலகக் காலநிலைக் கூட்டணி என்ற தொழில் அமைப்பு பல ஆண்டுகள் இந்தச் சந்தேகத்தைத்தான் பரப்பியது. 1998-இல் பெட்ரோலியக் கழகத்தில் தயாரான ஒரு செயல்திட்டம், காலநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்று சாதாரண மக்கள் நினைக்கத் தொடங்கும்போது வெற்றி கிடைத்துவிடும் என்றே எழுதி வைத்திருந்தது.

நிறுவனங்களின் பதிலையும் சொல்ல வேண்டும். தங்கள் ஆய்வு அன்றைய பொது அறிவியலை ஒட்டியே இருந்தது, அரசுகளுக்கும் இதெல்லாம் தெரியும், ஆவணங்களிலிருந்து ஒன்றிரண்டு வரிகளை மட்டும் பிய்த்துக் காட்டுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இதில் யார் சொல்வது சரி என்பதைச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்க்க வேண்டும். அந்த விசாரணையே நடக்காமல் தடுக்கத்தான் இத்தனை ஆண்டுப் போராட்டம்.

ஒரு குறிப்பிட்ட வெள்ளத்துக்கு ஒரு குறிப்பிட்ட கம்பெனி காரணம் என்று எப்படி நிரூபிப்பது?

காற்றில் கலந்த வாயுவில் யார் பெயரும் எழுதியிருக்காது. எனவே இதை இரண்டு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படி, புவி சூடானதற்கும் இந்த வெள்ளத்துக்கும் அல்லது வெப்ப அலைக்கும் உள்ள தொடர்பு. 2021 ஜூன் கடைசியில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அடித்த வெப்பம் நல்ல உதாரணம். கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.6 டிகிரியைத் தொட்டது. மறுநாள் காட்டுத்தீயில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. மனிதர்களால் புவி சூடாகியிராவிட்டால் அப்படியொரு வெப்பம் ஏறக்குறைய நடந்திருக்கவே முடியாது என்று விஞ்ஞானிகள் சில நாட்களிலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இரண்டாவது படி, அந்தச் சூட்டில் ஒரு நிறுவனத்தின் பங்கு. இங்கே ஹீடியின் கணக்கு உதவுகிறது. 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு இரண்டு படிகளையும் ஒரே கணக்காக இணைத்தது. 1991 முதல் 2020 வரை கடும் வெப்பத்தால் உலகப் பொருளாதாரம் இழந்ததில் 28 லட்சம் கோடி டாலருக்கு 111 பெரிய உற்பத்தியாளர்களின் உமிழ்வைத் தொடர்புபடுத்தலாம் என்றது அது.

ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதை நீதிமன்றமும் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் பலர் சேர்ந்து செய்த தீங்கைப் பங்கு போடுவது சட்டத்துக்குப் புதிதல்ல. 1980-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு மருந்து வழக்கில் இதைச் செய்தது. தாய் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரையால் மகளுக்குப் புற்றுநோய் வந்தது. அந்த மாத்திரையைச் செய்தது எந்தக் கம்பெனி என்று அவரால் காட்ட முடியவில்லை. சந்தையில் அவரவருக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு இழப்பீட்டிலும் பங்கு என்றது நீதிமன்றம்.

பெரு நாட்டு விவசாயி ஜெர்மன் கம்பெனி மீது போட்ட வழக்கு என்ன ஆயிற்று?

வழக்கில் தோற்றார். ஆனாலும் என்னைக் கேட்டால், இதுவரை வந்தவற்றில் மிக முக்கியமான தீர்ப்பு இதுதான்.

ஆண்டிஸ் மலைத்தொடரில் வாராஸ் என்ற நகரம். அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பால்காகோச்சா என்ற பனியாற்று ஏரி. 1941-இல் அந்த ஏரி உடைத்துக்கொண்டு இறங்கியபோது நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு சிறுத்துக் கிடந்த ஏரி, மேலே பனியாறு உருக உருக மறுபடி பெருத்துவிட்டது. கரையிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களை இறக்கி நீரை உறிஞ்சி வெளியே விட்டு நீர்மட்டத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நகரத்தின் உயிர் அந்தக் குழாய்களை நம்பி இருக்கிறது.

அந்த நகரத்தில் வீடு வைத்திருக்கும் சவுல் லூசியானோ லியூயா என்ற விவசாயி, மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருப்பவர். 2015-இல் ஜெர்மனியின் மின் நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ. மீது வழக்குப் போட்டார். அந்த நிறுவனம் பெருவில் ஒரு ஆலைகூட நடத்தவில்லை. ஆனால் தொழிற்காலம் தொடங்கியதிலிருந்து உலகம் வெளியிட்டதில் 0.47 சதவீதம் அதன் பங்கு. எனவே ஏரிக்கரையைப் பலப்படுத்தும் செலவில் 0.47 சதவீதம் மட்டும் தரட்டும் என்று கேட்டார். சுமார் 17,000 யூரோ. ஆர்.டபிள்யூ.இ. போன்ற நிறுவனத்துக்கு இது ஒரு தொகையே அல்ல. கொடுத்துவிட்டால் அடுத்தவர்களும் கேட்பார்கள் என்பதால் பத்து ஆண்டு எதிர்த்து நின்றார்கள்.

எசன் நகர நீதிமன்றம் 2016-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் வழக்குக்கு உயிர் கொடுத்து, சாட்சியம் கேட்கலாம் என்றது. 2022-இல் நீதிபதிகளும் நிபுணர்களும் பெருவுக்கே போய் ஏரியையும் அவர் வீட்டையும் பார்த்தார்கள்.

2025 மே 28-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் வெள்ளம் அவருடைய வீட்டை எட்டுவதற்கான வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம், அது போதாது என்று வழக்கைத் தள்ளினார்கள். ஆனால் அதற்கு முன் சட்டக் கேள்வியைத் தெளிவாகத் தீர்த்து வைத்தார்கள்: பெரிய உமிழ்வாளர் ஒருவரை, உலகின் மறுகோடியில் நேரும் ஆபத்துக்கும் ஜெர்மன் சொத்துச் சட்டப்படி பொறுப்பாளியாக்கலாம். தூரம் ஒரு தடையில்லை. உரிமம் வாங்கித்தான் ஆலை நடத்தினோம் என்பதும் தப்பிக்க வழியில்லை. அவர் வீடு இன்னும் ஆபத்தான இடத்தில் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் அடுத்த வாதி வருவார்.

நெதர்லாந்தில் ஷெல் நிறுவனம் ஜெயித்ததா, தோற்றதா?

இரண்டு தரப்பும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு அது. 2021 மே மாதம் ஹேக் மாவட்ட நீதிமன்றம், 2019 அளவோடு ஒப்பிட்டு 2030-க்குள் 45 சதவீத உமிழ்வைக் குறைக்குமாறு ஷெல்லுக்கு உத்தரவிட்டது. வாடிக்கையாளர் எரிக்கும் எரிபொருளும் அந்தக் கணக்கில் சேரும். 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எண்ணை நீக்கிவிட்டது. ஒரு தனி நிறுவனத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்ல அறிவியலில் ஒருமித்த கருத்து இல்லை என்றது. ஆனால் உமிழ்வைக் குறைக்கும் கடமை ஷெல்லுக்கு உண்டு என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. வழக்குப் போட்ட மிலியூடெஃபென்சி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

அமெரிக்காவில் இத்தனை வழக்குகள் இருந்தும் ஏன் நகரவே இல்லை?

எந்த நீதிமன்றத்தில் விசாரிப்பது என்பதிலேயே வருடக்கணக்காகச் சண்டை. மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றினால் உமிழ்வைக் கட்டுப்படுத்தத் தூய காற்றுச் சட்டம் என்ற மத்தியச் சட்டமே இருக்கிறது, இது நாடாளுமன்றம் பார்க்க வேண்டிய விஷயம் என்று தள்ளுபடி ஆகிவிடும் என்பது நிறுவனங்களின் நம்பிக்கை. அதற்குக் காரணம் கிவாலினா வழக்கு. அலாஸ்காவில் சுமார் 400 பேர் வாழும் ஒரு தீவுக் கிராமம் அது. குளிர்காலப் புயல்களைத் தடுத்து நின்ற கடல்பனி தாமதமாக உறையத் தொடங்கியதும் கரை அரித்துப்போக ஆரம்பித்தது. ஊரையே வேறிடத்துக்கு மாற்ற 9.5 கோடி முதல் 40 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டு, 2008-இல் எக்ஸான்மொபில் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 2009-இல் தள்ளுபடி, 2012-இல் மேல்முறையீட்டிலும் தோல்வி.

அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்த நகரங்கள், பிறகு மாநிலச் சட்டப்படி மாநில நீதிமன்றங்களில் வழக்குப் போட்டன. மக்களை ஏமாற்றினார்கள் என்பதுதான் இப்போது முக்கியப் புகார். ஹொனலுலு நகரம் 2020-இல் தொடுத்த வழக்கை நடத்தலாம் என்று 2023-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதில் தலையிட அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. கலிபோர்னியா மாநிலமே 2023-இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம் நியூயார்க் நகரத்தின் வழக்கு 2021-இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஆக, படம் கலவையானது.

வழக்கே இல்லாமல் சட்டம் போட்டு வசூலிக்க முடியாதா?

முடியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2023 ஜூலை வெள்ளத்தில் அடிபட்ட மறு ஆண்டே முதல் சட்டத்தைப் போட்டது. நியூயார்க் மாநிலம் 2024 டிசம்பரில் தொடர்ந்தது: பெரிய உமிழ்வாளர்களிடமிருந்து 25 ஆண்டுகளில் 7,500 கோடி டாலர் திரட்டுவது திட்டம். நச்சுக் கழிவு கொட்டியவரே சுத்தம் செய்யும் செலவைத் தர வேண்டும் என்ற பழைய கொள்கைதான். இவை இரண்டையும் எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அமெரிக்க மத்திய அரசே 2025-இல் வழக்குப் போட்டிருக்கிறது.

சிகரெட் கம்பெனிகளோடு ஒப்பிடுவது சரியா?

ஓரளவுக்குச் சரி. அங்கேயும் கெடுதல் தெரிந்தும் சந்தேகத்தைப் பரப்பினார்கள், அங்கேயும் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான் காற்று மாறியது. 1998-இல் 46 அமெரிக்க மாநிலங்களோடு செய்த உடன்பாட்டில் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகள் தனிமனிதர்கள் போட்ட வழக்குகள் வரிசையாகத் தோற்றன என்பதை மறக்கக் கூடாது. வேறுபாடும் உண்டு. சிகரெட் இல்லாமல் சமுதாயம் ஓடும். எரிசக்தி இல்லாமல் ஓடாது. நீதிபதிகள் தயங்கும் இடம் இதுதான், அந்தத் தயக்கத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

பசுமை வேடம் போடும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை உண்டா?

உண்டு, நிரூபிக்கவும் இதுவே சுலபம்: விளம்பரம் ஒரு பக்கம், முதலீட்டுக் கணக்கு இன்னொரு பக்கம். 2025 அக்டோபரில் பாரிஸ் நீதிமன்றம், கார்பன் சமநிலை (வெளியிடும் கரியமில வாயுவை முழுவதும் ஈடுகட்டுவது) பற்றிய டோட்டல்எனர்ஜீஸ் என்ற பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத்தின் அறிவிப்புகள் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது.

பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது கம்பெனிகளைக் கட்டுப்படுத்துமா?

நேரடியாக இல்லை. காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்கு என்ன கடமை என்று ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க, 2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள் தொடங்கிய முயற்சி இது. வனுவாட்டு நாடு அதைக் கையில் எடுத்து ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலை 23-இல் பன்னாட்டு நீதிமன்றம் ஒருமனதாக ஆலோசனைக் கருத்து தந்தது. புதைபடிவ எரிபொருள் எடுக்க உரிமம் தருவது, மானியம் தருவது போன்றவற்றின் வழியே காலநிலையைக் காக்கத் தவறும் நாடு, பன்னாட்டுச் சட்டத்தை மீறியதாகலாம் என்றது. தன் நாட்டுத் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதும் அரசின் கடமை என்றது. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் உள்ளூர் நீதிபதி ஒருவர் தீர்ப்பு எழுத உட்காரும்போது அவர் மேசையில் இது இருக்கும்.

கம்பெனிகள் திருப்பி அடிக்கின்றனவா?

ஆமாம். வழக்குத் தொடுப்பவர்களையும் போராடுபவர்களையும் வழக்கால் களைப்படைய வைப்பது ஒரு வழி. ஒரு குழாய்வழித் திட்டத்துக்கு எதிரான போராட்டம் தொடர்பாக, 2025 மார்ச்சில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநில நீதிமன்றத்தில் நடுவர் குழு (ஜூரி) ஒன்று எனர்ஜி டிரான்ஸ்ஃபர் நிறுவனத்துக்கு கிரீன்பீஸ் அமைப்பு 66 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது; பிறகு நீதிபதி அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். பாதியே ஒரு தொண்டு அமைப்பை முடக்கப் போதும்.

நான் ஒரு சாதாரண ஆள். என்னால் வழக்குப் போட முடியுமா?

தனியாக இறங்குவது கடினம். இதுவரை வந்த தனிநபர் வழக்குகளுக்குப் பின்னால் தொண்டு அமைப்புகளும் நிபுணர்களும் இருந்தார்கள். 2021 வெப்ப அலையில் சியாட்டிலில் இறந்த ஒரு பெண்ணின் மகள், 2025-இல் எண்ணெய் நிறுவனங்கள் மீது மரணத்துக்கான இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வகையில் அதுதான் முதல் வழக்கு. கால வரம்பு எல்லா நாட்டிலும் உண்டு, எனவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வழக்கு வருமோ வராதோ, பாதிக்கப்பட்டவர் ஆதாரத்தைச் சேர்த்து வைப்பது நல்லது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் தெரியும் கறையை, பக்கத்தில் அளவு நாடாவை வைத்துத் தேதியோடு படமெடுங்கள். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் எடுங்கள். பழுதுபார்த்த ரசீதுகள், மருத்துவமனைச் சீட்டு, அன்றைய வானிலை அறிவிப்பு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். முந்தைய வெள்ளங்கள் எதுவரை வந்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். லியூயாவின் வழக்கு கடைசியில் நின்றதும் விழுந்ததும் அவருடைய வீட்டுச் சுவரைத் தண்ணீர் எட்டுமா, எட்டினால் எவ்வளவு உயரம் என்ற கேள்வியில்தான்.